நரி வரும் தெரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில், கெடிலம் ஆற்றங்கரையை ஒட்டிய புதுக் குடியிருப்பு ஒன்றில் இரவில் நரி நடமாடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியதற்கு நான்கு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த நான்கு வரி போதவில்லை என்பது இம்மாதம் வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆகவே கறவை மாடு, ஆட்டு நோய் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை நரியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். கடலூர் மாவட்டத்தில் கால்நடை மருத்துவனாகப் பல ஆண்டுகள் அலைந்தவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு உரிமை கிடையாது.

கேள்வி: சென்ற ஆண்டு அமெரிக்காவில், சிகாகோ புறநகரில் வசிக்கும் என் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தேன். வீட்டின் பின்புறப் புல்வெளியில் விடியற்காலையில் நாயைப் போன்ற ஒரு விலங்கு வந்து நிற்கும். மகள் அதைக் 'கயோட்டி' என்றாள். அதற்கு உணவு வைக்கக் கூடாது, எதிரே வந்தால் ஓடக் கூடாது, சத்தம் போட்டு விரட்ட வேண்டும் என்று அறிவிப்புத்தாள் கூடக் கொடுத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்தால் எங்கள் தெருவிலும் நரி வருகிறது. அதுவும் இதுவும் ஒன்றா? அங்கே சொன்ன முறைகள் இங்கே செல்லுமா? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: ஒன்றல்ல, அம்மா, ஆனால் நெருங்கிய உறவு. நாய், ஓநாய், நம் ஊர் நரி, அமெரிக்கக் கயோட்டி எல்லாம் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கயோட்டி சற்றே பெரியது. 9 முதல் 16 கிலோ வரை இருக்கும். நம் நரி 7 முதல் 11 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரண்டும் இணை பிரியாமல் குடும்பமாக வாழ்பவை, அந்தியிலும் விடியலுக்கு முன்பும் கூடி ஊளையிடுபவை, கிடைத்ததைத் தின்பவை. மனிதர்கள் பெருகப் பெருக மற்ற வேட்டை விலங்குகள் ஒதுங்கிப்போன காலத்தில், ஒதுங்காமல் நம் ஓரத்திலேயே வாழக் கற்றுக்கொண்டவை என்பதுதான் இவை இரண்டுக்கும் உள்ள பெரிய ஒற்றுமை.

கயோட்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் புல்வெளிகளுக்கும் வறண்ட நிலங்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்த அந்த விலங்கை, ஆட்டு மந்தைகளைக் காப்பதற்காக நஞ்சு வைத்தும் பொறி வைத்தும் துப்பாக்கியால் சுட்டும் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கொன்று வந்திருக்கிறார்கள். இன்றும் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் கயோட்டிகளை அந்நாட்டு அரசுத் துறையே கொல்கிறது. அத்தனைக்கும் பிறகு அது குறையவில்லை. ஓநாய்கள் அழிக்கப்பட்ட இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு கிழக்குக் கடற்கரை வரை பரவி, இன்றைக்கு ஹவாய்த் தீவுகளைத் தவிர அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. 2007 ஏப்ரலில் சிகாகோ நகரின் நடுமையத்தில் ஓர் உணவுக்கடைக்குள் நுழைந்த கயோட்டி ஒன்று, குளிர்பானம் அடுக்கும் திறந்த பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, பிடிக்க ஆள் வரும்வரை அசையாமல் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் மகள் வசிக்கும் அதே சிகாகோ வட்டாரத்தில்தான், ஓஹியோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெர்ட் என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டிலிருந்து கயோட்டிகளின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி அவற்றின் நடமாட்டத்தைக் கவனித்து வருகிறார். அவற்றின் எச்சங்களை, அதாவது மலத்தை, 1,400-க்கும் மேற்பட்ட இடங்களில் சேகரித்துப் பிரித்துப் பார்த்ததில், எலி போன்ற சிறு கொறி விலங்குகள் 42 விழுக்காட்டு எச்சங்களிலும், பழங்கள் 23 விழுக்காட்டிலும், மான் 22 விழுக்காட்டிலும், முயல் 18 விழுக்காட்டிலும் இருந்தன. ஓர் எச்சத்திலேயே இரண்டு மூன்று உணவுகள் இருக்கும் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். வீட்டுப் பூனை இருந்தது ஏறத்தாழ ஒரு விழுக்காட்டில். மனிதர்கள் வீசியெறிந்த உணவு இரண்டு விழுக்காடு கூட இல்லை. மாநகரத்தின் நடுவே வாழ்ந்தும் அவை நம் எச்சிலை நம்பி வாழவில்லை.

இந்தக் கணக்கை அப்படியே கடலூருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி உண்டு. தெருவில் சொந்தக்காரன் இல்லாத நாய் அநேகமாகக் கிடையாது. இங்கே கறிக்கடைக்காரர் இரவு பத்து மணிக்குக் கடையைக் கழுவிவிட்டு, அன்றைய கோழிக்கழிவைச் சாக்கில் கட்டி வாய்க்கால் கரையிலோ புறவழிச் சாலை ஓரத்திலோ வீசிவிட்டுப் போகிறார். முதலில் அங்கே நாய் வருகிறது. நாய் குட்டி போட்டுப் பெருகுகிறது. பிறகு ஒரு நாள் நரியும் வருகிறது. ஆகவே அங்கே 'கயோட்டியும் மனிதனும்' என்று இருக்கும் பிரச்சினை இங்கே 'நரி, நாய், மனிதன், கோழிக்கழிவு' என்று நான்கு பேர் பிரச்சினையாகிவிடுகிறது. எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்தச் சாக்கில்தான் வந்து நிற்கின்றன.

மற்றபடி, உங்களுக்கு அங்கே சொன்ன மூன்று விதிகளும் இங்கேயும் செல்லும். உணவு வைக்காதீர்கள். எதிரே வந்தால் முதுகு காட்டி ஓடாமல், நிமிர்ந்து நின்று கையை உயர்த்திச் சத்தம் போடுங்கள். குழந்தை கூட இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். தகர டப்பாவில் நாலு கூழாங்கல்லைப் போட்டு வாசல் திண்ணையில் வைத்துக்கொண்டால் அதைக் குலுக்கும் சத்தமே போதும். நரி அதற்குக் கூடக் காத்திருக்காது. பெரும்பாலும் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதுமே போய்விடும். அதற்குத் தப்பிக்க வழி விட்டு நின்று விரட்டுங்கள்; சுவர் மூலையில் மடக்கப்பட்ட விலங்கு கடிப்பதைத் தவிர வேறு எதுவும் அறியாது.

கேள்வி: எங்கள் ஏரிக்கரையில் நான் பார்ப்பது நரியா, குள்ளநரியா, செந்நிற நாட்டு நாயா? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். (வாசகர், பாகூர்)

பதில்: பெயர்க் குழப்பம் பழையது. நம் பக்கத்தில் கூடி ஊளையிடும் விலங்கையே நரி என்கிறோம். இக்கட்டுரையில் நான் சொல்லும் நரியும் அதுவே. குள்ளநரி என்ற பெயரைச் சிலர் இதற்கே சொல்கிறார்கள். சிலர் இதைவிடச் சிறிய, மூன்று கிலோ அளவே இருக்கிற, காது பெரிதாகவும் வால் உடலில் பாதிக்கு மேல் நீண்டும் இருக்கிற இன்னொரு விலங்கைச் சொல்கிறார்கள். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிப் பக்கம் காணும் பொங்கலன்று பிடித்து வந்து ஓடவிட்டு, வனத்துறையிடம் அபராதம் கட்டுகிறார்களே, அந்த 'வங்கா நரி' இந்தச் சிறிய இனம்.

ஏரிக்கரையில் நீங்கள் பார்ப்பதை வாலை வைத்து அடையாளம் காணலாம். நாய் வாலை மேலே தூக்கி வளைத்துக்கொண்டு போகும். நரியின் வால் குட்டையாக, புசுபுசுவென்று, நுனி கறுத்து, எப்போதும் கீழ்நோக்கியே தொங்கும். முகவாய் கூர்மையாக இருக்கும், கால் மெலிந்திருக்கும், நின்று பார்த்துவிட்டு நேர்க்கோட்டில் சிறு ஓட்டமாகப் போய்விடும். நாய் உங்களை வேடிக்கை பார்க்கும். நரி உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கணக்குப் பார்க்கும். அறிவியல் இல்லாத அடையாளம்தான், ஆனால் எனக்கு ஒருமுறையும் தவறியதில்லை.

கேள்வி: இரண்டு மாதத்தில் ஒன்பது நாட்டுக்கோழிகள் போய்விட்டன. இரவில் பஞ்சாரத்தில் மூடி, மேலே கல் வைக்கிறேன். ஒருநாள் காலையில் பார்த்தால் ஓர் ஆட்டுக்குட்டியும் தொடை கிழிந்து கிடந்தது. நரிதான் என்று ஊரே சொல்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், நெல்லிக்குப்பம் அருகே)

பதில்: முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். பணிக்காலத்தில் 'நரி கடித்தது' என்று என்னிடம் தூக்கி வரப்பட்ட ஆடுகளில் பலவற்றை நாய்தான் கடித்திருந்தது. தெரு நாய்கள் மூன்று நான்கு சேர்ந்து பட்டிக்குள் புகுந்தால், பின்தொடை, காது, வயிறு என்று கண்ட இடத்தில் பிடித்துக் குதறிப் பல ஆடுகளைக் காயப்படுத்திவிட்டு, பெரும்பாலும் ஒன்றையும் தின்னாமல் போய்விடும். அவற்றுக்கு அது பசியை விட விளையாட்டு. நரி பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு மறைந்துவிடும். விட்டுவிட்டுப் போனால் அதற்கு நட்டம். உங்கள் ஆட்டுக்குட்டி தொடை கிழிந்து அங்கேயே கிடந்தது என்பதால் எனக்கு நாய் மேல்தான் சந்தேகம். கோழிகள் விஷயத்தில் நரி, கீரி, காட்டுப்பூனை, ஏன், பக்கத்துத் தெரு மனிதர் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கும். இறகு கொத்தாகச் சிதறி, கரும்புக் கொல்லைப் பக்கம் இழுத்த தடம் இருந்தால் நரி எனலாம். இறகே இல்லாமல் போனால் நரியைக் குறை சொல்லாதீர்கள்.

யாராக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். பஞ்சாரம் பகலில் குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் காக்கையிடமிருந்தும் காக்கிற கூடை; இரவுக் காவலுக்கு அது போதாது. நரி முகவாயை அடியில் கொடுத்து நெம்பும், கல் உருளும், முடிந்தது. செங்கல் கட்டோ மரச்சட்டமோ வைத்து, வெல்டு வைத்த கம்பி வலை அடித்து, தரையிலிருந்து ஓரடி உயர்த்திய கூடு கட்டுங்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்க உதவுமே தவிர, பல்லுள்ள விலங்கு உள்ளே வராமல் இருக்க உதவாது. கூடு தரையில்தான் இருக்க வேண்டும் என்றால், வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். சுவரோரம் தோண்டத் தொடங்குகிற விலங்கு வலை மேலேயே நின்று தோண்டி, சலித்துப் போகும். கதவுக்குக் கயிறு கட்டாதீர்கள், தாழ்ப்பாள் போடுங்கள். பொழுது சாயும் முன் கோழிகளை அடைத்துவிட வேண்டும். நரி கிளம்பும் நேரமும் கோழி மரத்தடியில் கடைசியாகக் கிளறும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் பாதி இழப்புக்குக் காரணம். ஆட்டுக்குட்டிகளை ஈன்ற முதல் சில வாரங்களுக்குக் கூரைக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

செத்த கோழியையும், ஆடு ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியையும் வேலிக்கு வெளியே எறிகிற வழக்கம் நம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. இது நரிக்கு நாம் அனுப்பும் அழைப்பிதழ். மூன்றடி ஆழம் தோண்டிப் புதையுங்கள், மேலே சுண்ணாம்பு தூவுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி வசிக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டார் தினமும் மாலையில் தயிர்சோறும் கோழி எலும்பும் வைக்கிறார். நரி வந்து தின்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார். அவர் செய்வது புண்ணியம் என்கிறார். நான் மறுத்தால் கல் நெஞ்சுக்காரி என்கிறார். (வாசகி, காலாப்பட்டு)

பதில்: நீங்கள் கல் நெஞ்சுக்காரி இல்லை, அம்மா. அவர் இரக்கமுள்ளவர் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரக்கத்தின் விலையை அவர் கொடுக்கப் போவதில்லை. அந்த நரிதான் கொடுக்கும்.

நரிக்கு உணவுப் பஞ்சம் இல்லை. வயல் எலி, நண்டு, ஓணான், வெட்டுக்கிளி, ஈசல், பறவை முட்டை, இலந்தைப்பழம், நாவல்பழம், செத்த மீன் என்று கடற்கரைக்கும் ஏரிக்கும் இடையில் அதற்கு விருந்து பரவிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட விலங்கு ஒரு தட்டைத் தேடி நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்கு வரத் தொடங்கினால், மனிதனைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்று அது பரம்பரையாகக் கற்றுவைத்திருக்கும் ஒரே பாதுகாப்பை இழக்கிறது. உங்கள் அண்டை வீட்டார் இரண்டு வாரம் ஊருக்குப் போனால் அது பசியோடு அடுத்த வாசலில் போய் நிற்கும். அங்கே ஒரு குழந்தை கையில் பிஸ்கட்டோடு நிற்கலாம். நரி பாய்ந்து பிஸ்கட்டைப் பறிக்கிறபோது பல் படும். மறுநாள் தெரு முழுக்கக் கம்போடு கிளம்பும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாகப் பதிவானவை இரண்டே நிகழ்ச்சிகள்: 1981-இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு குழந்தை, 2009-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓர் இளம்பெண். ஆனால் கடி வாங்கியவர்கள் பலர். அக்கம்பக்கத்தில் யாரோ சோறு வைத்துப் பழக்கியிருந்தார்கள் என்பது அந்தக் கடிகளை விசாரித்தபோது மீண்டும் மீண்டும் தெரியவந்த செய்தி.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தட்டுக்கு நரி மட்டும் வருவதில்லை, தெரு நாயும் வருகிறது. நாயிடமிருந்து நரிக்குச் சொறியும், டிஸ்டெம்பர் என்கிற கொடிய வைரஸ் நோயும், ரேபிஸ் என்கிற வெறிநோயும் தொற்றும். உடலெல்லாம் மயிர் உதிர்ந்து, தோல் யானைத்தோல் போல் தடித்து, பகலில் தள்ளாடிக்கொண்டு வரும் நரியை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் படம் எடுத்து அனுப்பவில்லை.

அவரிடம் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள். படம் எடுப்பதில் தவறில்லை. மாடியிலிருந்து எடுக்கட்டும், தட்டு இல்லாமல் எடுக்கட்டும்.

கேள்வி: மூன்று ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். பன்றியும் நரியும் சேர்ந்து தோண்டித் தின்கின்றன. சிலர் அவுட்டுக்காய் (வெடிமருந்து வைத்த இரை) வை என்கிறார்கள், சிலர் வேலிக்குக் கரண்டு கொடு என்கிறார்கள். குருணை மருந்தைக் கருவாட்டில் வைத்தால் போதும் என்றும் ஒருவர் சொன்னார். (வாசகர், பண்ருட்டி வட்டம்)

பதில்: மூன்றுமே உங்களைச் சிறைக்கு அனுப்பும், ஐயா, கரண்டு வேலி உங்கள் வீட்டாரையே சுடுகாட்டுக்கும் அனுப்பும். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மகனோ மருமகனோ தான் கட்டிய வேலியிலேயே விழுந்த செய்தியை நாளிதழில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

நரி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. முன்பு இரண்டாம் அட்டவணையில் இருந்ததை, 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. சட்டத்தின் பார்வையில் சுடுவது மட்டும் வேட்டையாகாது. கண்ணி வைப்பது, பிடிப்பது, நஞ்சு வைப்பது எல்லாமே வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கருவாட்டில் வைத்த குருணையை நரிதான் தின்னும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மயில் தின்னும், காக்கை தின்னும், உங்கள் காவல் நாய் தின்னும். மயிலும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது.

பன்றியையும் நரியையும் ஒரே கணக்கில் சேர்ப்பது நரிக்குச் செய்யும் அநியாயம் என்றும் சொல்ல வேண்டும். பன்றி ஓர் இரவில் அரை ஏக்கரைப் புரட்டிப் போடும். நரி மல்லாட்டை தின்னும், உண்மை. இளங்கரும்பைக் கடிக்கும், கொடியில் பழுத்த கிர்ணியைக் கவ்வும். ஆனால் அதே கொல்லையில் அது எலியும் பிடிக்கிறது. உங்கள் வரப்பில் இருக்கும் எலி வளைகளை எண்ணிப் பாருங்கள். நம் நரி இனமே தென்கிழக்கு ஐரோப்பாவிலும் வாழ்கிறது. அங்கே செர்பியா நாட்டில் ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீட்டில், அந்நாட்டு நரிகள் ஆண்டுக்கு 3,700 டன்னுக்கு மேல் செத்த விலங்குகளையும் இறைச்சிக் கழிவையும் தின்று தீர்ப்பதாகவும், கோடிக்கு மேற்பட்ட வயல் எலிகளைப் பிடிப்பதாகவும் கண்டார்கள். (இதைப் படித்துவிட்டுக் கறிக்கடைக்காரர்கள், 'அப்படியானால் சாக்கை வீசுவது நல்லதுதானே' என்று எனக்கு எழுத வேண்டாம்.)

காய் பிடிக்கும் பருவத்திலிருந்து அறுவடை வரைக்கும்தான் உங்களுக்குக் காவல் தேவை. அந்த நாட்களில் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவதும், விளக்கை இடம் மாற்றி மாற்றி வைப்பதும், பரண் போட்டு இரவில் தகரம் தட்டுவதும் நம் முன்னோர் செய்ததுதான்; ஒரே விளக்கை ஒரே இடத்தில் ஒரு வாரம் எரியவிட்டால் நரி அதன் வெளிச்சத்திலேயே உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கும். பறித்த செடியைக் களத்தில் குவித்து நாள்கணக்கில் போட்டுவைக்காமல் உடனே ஆய்ந்துவிடுங்கள்.

கேள்வி: வனத்துறையிடம் சொல்லி எல்லா நரிகளையும் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமே? பத்தாண்டுக்கு முன் எங்கள் பக்கம் நரியே கிடையாது. (குடியிருப்போர் சங்கத்தார், கடலூர்)

பதில்: பத்தாண்டுக்கு முன் உங்கள் பக்கம் வீடுகள் கிடையாது என்று நினைக்கிறேன். நரி இருந்தது; அதைப் பார்க்க நீங்கள் இருக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது, நம் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்தன. நான் சிறு வயதில் பகலில் கூட நுழையப் பயந்த தோப்புகள் வெட்டவெளியாயின. மறுபடி கன்று நட்டவர்கள் உண்டு. மனை போட்டு விற்றவர்களும் உண்டு. தோப்புக்குள் மறைந்திருந்த விலங்கு இப்போது மனைப்பிரிவின் தெருவிளக்கில் தெரிகிறது.

பிடித்துக் காட்டில் விடுவது கேட்க நன்றாக இருக்கும். எந்தக் காட்டில்? அங்கே ஏற்கெனவே நரிக்குடும்பங்கள் எல்லை வகுத்து வாழ்கின்றன. புதிதாக வந்ததை அவை கடித்து விரட்டும். அது வந்த வழியே திரும்ப முயன்று சாலையில் அடிபடும். உங்கள் தெருவில் காலியான இடத்துக்கோ, பக்கத்து எல்லையிலிருந்து துணை தேடி அலையும் இளம் நரி சில மாதத்தில் வந்து சேரும். அமெரிக்காவில் கயோட்டியைக் கொன்று கொன்று கண்டது இதைத்தான்: எண்ணிக்கை குறைந்த இடத்தில் இரை மிஞ்சுகிறது, எஞ்சியவை அதிகக் குட்டி போடுகின்றன, போட்டவற்றில் அதிகம் பிழைக்கின்றன. நோயுற்றதோ, அடிபட்டதோ, கிணற்றில் விழுந்ததோ ஒன்று இருந்தால் மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். புதுச்சேரிப் பகுதி என்றால் அங்குள்ள வனம் மற்றும் வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். அது அவர்கள் வேலை. நலமாக நடந்து போகும் நரியைப் பிடிக்கச் சொல்வது அவர்கள் வேலையன்று.

உங்கள் சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடியிருப்பை ஒட்டிய வாய்க்கால் கரையில் கழிவு கொட்டும் இடத்துக்கு ஒரு விளக்கும், ஒரு மாதத்துக்குக் காவலும் போடுங்கள். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடச் சொல்லி மாநகராட்சியையோ ஊராட்சியையோ விடாமல் கேளுங்கள். அதற்குப் பிறகும் வரும் நரி உங்கள் தெருவைக் கடந்து போகும் நரியாக இருக்கும், தங்கும் நரியாக இருக்காது.

கேள்வி: பட்டப்பகலில் நரி வந்தால் அதற்கு வெறி பிடித்திருக்கிறது என்று அர்த்தமா? கடித்துவிட்டால்? (வாசகர், வில்லியனூர்)

பதில்: பகலில் வந்தது என்பதற்காக மட்டும் வெறி என்று முடிவு கட்ட வேண்டாம். குட்டி வைத்திருக்கும் தாய் பகலிலும் இரை தேடும். அறுவடை நடந்து மறைவிடம் போனாலும் பகலில் ஓடும். தள்ளாடுவது, எச்சில் ஒழுகுவது, கண்ட பொருளையெல்லாம் கடிப்பது, மனிதரையும் மாட்டையும் கண்டு ஒதுங்காமல் நேரே வருவது இவைதான் அஞ்ச வேண்டிய குறிகள். அப்படி ஒன்றைக் கண்டால் பிள்ளைகளையும் கால்நடைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு வனத்துறையை அழையுங்கள்.

கடித்தாலோ, நகம் பட்டு இரத்தம் கசிந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காட்டு விலங்கின் கடி என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஏனெனில் அதை மிகக் கடுமையான வகையாகக் கருதி, தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டியிருக்கும். அடுத்தடுத்த ஊசிகளைச் சொன்ன தேதியில் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழியில்லை. தோன்றும் முன் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கலாம். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய் மூலம் வருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நரிக்குப் பயந்து தூக்கமிழக்கும் வீட்டில் வளர்ப்பு நாய்க்கு ஊசி போடாமல் இருப்பதை நான் பல முறை பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

கேள்வி: வீட்டருகே நரி ஊளையிட்டால் சாவு வரும் என்கிறார் என் மாமியார். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்கிறார் என் மாமனார். நரிக்கொம்பு ஒன்று வாங்கி வைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள். (வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: மாமியாருக்கும் மாமனாருக்கும் ஒரே நரி வெவ்வேறு பலன் சொல்வதிலிருந்தே விடை தெரிந்துவிடுகிறது. 'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி' என்று சொன்ன பாட்டி இவர்கள் இருவரையும் விட விவரமானவள். ஊளை என்பது குடும்பத்தார் ஒருவரையொருவர் எங்கே என்று கேட்டுக்கொள்வதும், இது எங்கள் எல்லை என்று அடுத்த குடும்பத்துக்குச் சொல்வதும்தான். இரண்டு மூன்று நரிகள் குரலை ஏற்றி இறக்கிக் கூவினால் பத்துப் பதினைந்து நிற்பது போல் கேட்கும். எண்ணி அஞ்ச வேண்டாம்.

நரிக்குக் கொம்பு கிடையாது. விற்கப்படுவது ஏதோ ஒரு விலங்கின் தோலும் எலும்பும் மயிரும் சேர்த்து ஒட்டிய துண்டு. உண்மையான நரியின் உறுப்பு என்றால் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். போலி என்றால் பணம் போயிற்று.

கேள்வி: கரும்பு வெட்டும்போது பார்களுக்கு நடுவே கண் திறக்காத நான்கு குட்டிகள் கிடந்தன. வெட்டு ஆட்கள் நாய்க்குட்டி என்றார்கள், பிறகு நரிக்குட்டி என்றார்கள். ஒருவர் வளர்க்க எடுத்துப் போகிறேன் என்கிறார். லாரி நாளை வருகிறது. கைப்பேசியில் உடனே பதில் சொல்ல வேண்டுகிறேன். (வாசகர், குறிஞ்சிப்பாடி வட்டம்)

பதில்: இவருக்கு அன்றே பேசிவிட்டேன், மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். குட்டிகளைத் தொட வேண்டாம், எடுத்துப் போகவே வேண்டாம் என்றேன். வளர்ப்பது சட்டப்படி குற்றம், வளர்ந்தபின் அது நாயாகவும் இருக்காது, நரியாகவும் இருக்காது. தாய் செத்துவிடவில்லை, வெட்டரிவாள் சத்தம் கேட்டு அடுத்த கொல்லையில் ஒளிந்திருக்கும். அந்த இடத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கரும்பை அப்படியே நிறுத்திவிட்டு மறுபக்கம் வெட்டச் சொன்னேன். மாலை ஐந்து மணிக்கு ஆட்களை வெளியே அனுப்பி, நாய்களைக் கட்டிப்போட்டு, விளக்கில்லாமல் விடச் சொன்னேன். தாய் இருட்டியதும் வந்து, குட்டிகளைக் கழுத்துத் தோலில் கவ்வி ஒவ்வொன்றாக வேறிடம் கொண்டு போகும். சில சமயம் அதற்கு இரண்டு இரவு கூட ஆகும்.

மறுநாள் காலை அவர் அழைத்தார். மூன்று குட்டிகள் போய்விட்டன, ஒன்று மட்டும் இருக்கிறது என்றார். லாரியை ஒரு நாள் தள்ளி வரச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அடுத்த நாள் அந்தப் பத்தடிக் கரும்பையும் வெட்டினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.